தேரிலிருந்து பார்த்த நெய்தல்

உயர்தர வகுப்பில் நெய்தற்றிணையைக் கற்பிக்கும் காலத்தில் மாணாக்கரை வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டிற்கு அழைத்துச் செல்வது எனது வழக்கம். கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே புறப்பட்டால் நீர்வேலியின் வாழைத் தோட்டங்களும் செம்பாட்டு மண்ணும் முதலில் வரும். ஆவரங்காலைக் கடந்து வல்லைவெளியை அடைந்ததும் மரங்கள் குறைந்து காற்று மிகும். நெல்லியடிக்கு அப்பால் கிழக்கே திரும்பிக் குடத்தனையை நெருங்கும்போது செம்மண் முற்றாக மறைந்து வெண்மணல் தொடங்கும். சிறியதொரு பேருந்துப் பயணத்தில் தோட்டநிலத்திலிருந்து நெய்தலுக்கு வந்துவிடலாம். திணைக் கோட்பாட்டை விளக்குவதற்கு இதனினும் சிறந்த வகுப்பறை யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லையென்று நான் நம்பியிருந்தேன்.

சென்ற முறை சென்று மீண்டபின், வழக்கம்போல் 'மணற்காட்டிற்கு ஒரு சுற்றுலா' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு பணித்தேன். வந்த கட்டுரைகளுள் ஒன்றைத் தவிர ஏனையவை யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இயற்கையன்னை அவற்றில் வெண்பட்டு உடுத்தியிருந்தாள். அலைகள் தாலாட்டின. மணற்குன்றுகள் கண்கொள்ளாக் காட்சியாயின. மணலிற் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் காலத்தின் கோலத்தைப் பறைசாற்றின. இறுதியில், பிரிய மனமின்றி எல்லோரும் பேருந்தில் ஏறினர்.

மாறுபட்டிருந்த அந்த ஒரு கட்டுரை அரைப் பக்கமே கொண்டது. எழுதிய மாணவியின் தாய்வழி உறவினர் அக்கரையைச் சேர்ந்தவர்கள். தனது அம்மம்மா குடிதண்ணீர் அள்ளிய மணற்கிணறு எங்கிருந்தது என்பதை அவள் எழுதியிருந்தாள். சிறுவயதில் மணற்றிட்டியின் உச்சியில் ஓடினால், கொடி அறுந்துவிடும் என்று பெரியவர்கள் ஏசுவார்கள் என்றும் எழுதியிருந்தாள். கடைசி வாக்கியம் இதுதான்: எங்கள் பேருந்து நின்ற இடம் அடம்பன் கொடியின் மேல்.

அன்று காலை, அப்பேருந்து நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்னர், அதனுள்ளே நின்றுகொண்டு நான் விளக்கிய பாடல் ஐங்குறுநூற்றின் நூற்றோராம் பாடல். தலைவனது தேர், படர்ந்த பசிய அடும்பங் கொடியை அறுத்துக்கொண்டும் நெய்தற் பூவை நசித்துக்கொண்டும் வருவதைத் தோழி செவிலிக்குக் காட்டும் பாடல் அது. அடும்பே நமது அடம்பன். பாடலில் அக்கொடியைக் கண்டு விளக்கிய எனக்கு, பேருந்துச் சில்லின் கீழ்க் கிடந்த கொடி தென்படவில்லை. அந்த அரைப் பக்கத்தைப் படித்த பின்னர் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். நெய்தல் நிலத்தை நாம் யாருடைய கண்ணாற் பார்க்கிறோம்? நமது மாணாக்கர் எந்தக் கண்ணாற் பார்க்கும்படி நாம் கற்பித்திருக்கிறோம்?

மாணாக்கரைக் குறைகூறிப் பயனில்லை. நாம் விதைத்ததையே அவர்கள் விளைவித்தனர். வகுப்பறையில் நெய்தல் ஓர் அட்டவணையாக அறிமுகமாகின்றது. முதற்பொருளின் கீழே கடலும் கடல்சார்ந்த நிலமும், எற்பாடும். கருப்பொருளின் கீழே வருணன், பரதவர், சுறா, புன்னை, தாழை, கடற்காகம். உரிப்பொருள் இரங்கல். இவ்வட்டவணையில் பரதவர் எந்த இடத்தில் நிற்கின்றனர் என்பதை ஊன்றி நோக்க வேண்டும். பறவைக்கும் மரத்துக்கும் இடையே, கருப்பொருள்களுள் ஒன்றாக அவர்கள் நிற்கின்றனர். தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புக்களை வகைப்படுத்தியதற்கு அவருக்குரிய இலக்கணத் தேவை இருந்தது. அதனைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆயின் அவ்வட்டவணையைத் தாண்டிப் பாடலுக்குள் நுழையாத ஆசிரியன், பரதவரும் கடற்காகமும் ஒரே வரிசைப் பொருள்கள் என்ற எண்ணத்தையே மாணாக்கன் நெஞ்சிற் பதித்துவிடுகின்றான். வளர்ந்து சுற்றுலாவுக்கு வரும்போது அவன் கடற்காகத்தைப் பார்ப்பதுபோலவே மீனவனையும் பார்க்கின்றான்.

இரண்டாவது காரணம் நமது திறனாய்வு மரபில் உள்ளது. சங்கப் பாடல்களின் இயற்கையை உலக இலக்கிய அரங்கில் நிறுத்தியவர்களுள் முதன்மையானவர், நமது தீவகத்துக் கரம்பொனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார். கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு, நிலத்தோற்றத்தை மனிதவுணர்வின் பின்னணியாக்கிய தமிழ்க் கவிஞரின் தனித்தன்மையை அவர் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். 'நிலத்தோற்றமும் கவிதையும்' என்று பொருள்படும் பெயரோடு 1966இல் வெளிவந்த அந்நூல் இன்றும் பயிலத்தக்கது. தமிழ்நாட்டில் மு. வரதராசனாரும் பழந்தமிழ் இலக்கியத்தின் இயற்கையை விரிவாக ஆராய்ந்தார். இவர்களது உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். எனினும், நிலத்தைப் 'பின்னணி' என்று கொண்டவுடன் ஒரு விளைவு தவிர்க்க முடியாததாகிவிடுகின்றது. முன்னே நிற்பவை காதலர் இருவரின் உணர்வுகள். பின்னே இருப்பது திரைச்சீலை. அத்திரையின் மீது மீன் உலர்த்தும் கைகளும் உப்பு விற்கும் குரலும் ஓவியத்தின் கோடுகளாகிவிடுகின்றன. அறிஞர் நுட்பமாகச் சொன்னதைப் பாடநூல் பருமனாக்கிற்று. பாடநூல் பருமனாக்கியதைச் சுற்றுலா விளம்பரம் மலினமாக்கிற்று.

இனி, பாடல்கள் தாமே என்ன சொல்கின்றன என்பதைக் காண்போம்.

நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாடலை எடுத்துக்கொள்வோம். தலைவியை நாடி வந்த தலைவனுக்குத் தோழி கூறும் மறுமொழியாக அது அமைந்துள்ளது. இவள் கானலஞ் சிறுகுடியில் வாழும் மீனவர் மகள். நீயோ கொடிகள் ஆடும் தெருக்களையுடைய பழைய ஊரின் தேர்ச்செல்வனது அருமை மகன் என்று அவள் தொடங்குகின்றாள். நிணம் மிகுந்த சுறாத் துண்டுகளை வெயிலில் உலர்த்தி, அவற்றைக் கவர வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு உனது அழகினால் ஆவதென்ன என்று கேட்கின்றாள். எங்களிடத்தில் புலால் நாறும், விலகி நில் என்கின்றாள். பெருங்கடல் தரும் விளைவைக் கொண்டு நாங்கள் நடத்தும் சிறிய நல்வாழ்க்கை உனது வாழ்க்கையோடு ஒப்பதன்று. எங்கள் கூட்டத்திலும் செம்மையுடையவர் இருக்கின்றனர் என்று முடிக்கின்றாள்.

தலைவனை நெருங்கவிடாது தடுக்கும் 'சேட்படை' என்னும் துறைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறி நாம் மேலே சென்றுவிடுகிறோம். களவொழுக்கத்தில் இதுவும் ஒரு விளையாட்டு, தலைவனின் காதலைச் சோதிக்கும் உத்தி என்று விளக்கமும் சொல்கிறோம். அது உண்மையாகவே இருக்கட்டும். விளையாட்டுக்கென்று எடுத்த ஆயுதம் எது என்பதே நமது கேள்வி. அப்பெண் எடுத்தது பொருளியல் வேற்றுமை. தேருக்கும் கருவாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவள் அளந்து சொல்கிறாள். அதைவிட முக்கியம், அவள் பார்க்கும் இடம். இப்பாடலில் மணல் பார்க்கப்படும் பொருளாக இல்லை. மணலில் நிற்பவள் வந்தவனைப் பார்க்கிறாள். கடற்கரைக்கு அழகு காண வந்தவன் இங்கே தானே காட்சிப்பொருளாகி நிற்கிறான். புலால் நாற்றத்தை மறைக்காமல் முன்வைத்துப் பேசும் இக்குரலில் தாழ்வுணர்ச்சி சிறிதும் இல்லை. சுற்றுலாக் கட்டுரை எதனிலும் இந்நாற்றம் இடம்பெறாது என்பதையும் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

மேலே குறித்த ஐங்குறுநூற்றுப் பாடல் இதற்கு நேர்மாறான மனநிலையில் அமைந்தது. அம்மூவனார் பாடிய அதில் தேரின் வருகை மகிழ்ச்சிக்குரியது. தலைவியின் நோய்க்கு மருந்தாக வருபவன் தலைவன். இருந்தும், அம்மகிழ்ச்சிக்கு இடையிலும் தேராழி எதனை அறுத்தது, எதனை நசித்தது என்பதைத் தோழியின் கண் தவறவிடவில்லை. அகநானூற்றின் நூற்றறுபதாம் பாடலிலும் அடும்பங் கொடி சிதைகின்றது. அங்கே சிதைப்பது முட்டையிட வந்த நிறைசூல் ஆமை. அது மணலிலே முட்டைகளை மறைத்துவைக்கின்றது. குஞ்சு வெளிவருமளவும் ஆண் ஆமை காத்திருக்கின்றது என்கிறார் புலவர். நற்றிணையின் நூற்றெழுபத்திரண்டாம் பாடலில், விளையாட்டுச் சிறுமியர் வெண்மணலில் மறைத்து மறந்த புன்னைவிதை முளைத்து மரமாகின்றது. தாய் அதனை உங்களுக்குத் தமக்கை என்கிறாள். தமக்கையின் நிழலில் நின்று காதலனோடு நகைக்கப் பெண் நாணுகிறாள். மீண்டும் அகநானூற்றில், நூற்றுநாற்பதாம் பாடலில், உமணர் மகள் உப்புக்கு நெல்லே சரிவிலை என்று ஊரூராகக் கூவி விற்கிறாள்.

இப்பாடல்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் நெய்தல் மணல் எவ்வாறு தோன்றுகின்றது? கருவாடு காயும் முற்றமாக, ஆமையின் ஈன்புறையாக, மரத்தை உடன்பிறப்பாக்கும் விளையாட்டிடமாக, நெல்லோடு உப்பை மாற்றும் வாணிபத்தின் தொடக்கமாக அது தோன்றுகின்றது. அலை கொழித்துக் குவித்த அம்மணல்மேட்டுக்குப் பழந்தமிழில் 'எக்கர்' என்றொரு தனிச்சொல்லே இருந்தது. ஒரு பொருளோடு பழகி வாழ்பவனே அதற்குத் தனிப்பெயர் இடுவான்.

திணைகளின் பின்னாலுள்ள பொருளியல் வாழ்வை ஆராயும் வழியை நமக்குத் திறந்தவர்களும் இம்மண்ணின் அறிஞர்களே. 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலை 1966இல் வெளியிட்ட கைலாசபதி அவர்களையும், திணைப் பாகுபாட்டில் சமச்சீரற்ற பொருளாதார வளர்ச்சியின் சுவடுகளை 1974இல் வெளியான ஆய்வினால் எடுத்துக்காட்டிய கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களையும் இங்கு நினைவுகூர வேண்டும். சிவத்தம்பியின் ஊராகிய கரவெட்டி, மணற்காட்டுக்குச் செல்லும் வழியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அவர்கள் தந்த ஆய்வுமுறையைச் சங்க காலத்தோடு நிறுத்திவிட்டோம் என்பதே நம்மீதுள்ள குறை. சமச்சீரற்ற வளர்ச்சியைப் பரீட்சை விடைத்தாளில் எழுதும் மாணாக்கன், கோப்பாயின் மாடிவீட்டுக்கும் வடமராட்சி கிழக்கின் வாடிக்கும் இடையே அதே சமச்சீரின்மை இன்றும் நீள்வதைக் காண்பதில்லை.

அதனைக் காண வேண்டுமாயின் மணலையே படிக்க வேண்டும். பருத்தித்துறைக்குத் தெற்கே வல்லிபுரத்திலிருந்து மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் எனக் கடலோரமாகத் தென்கிழக்கே நீளும் இம்மணற்றொடர் ஒரு நாளில் உண்டானதன்று. கடல் ஒதுக்கிய மணல் வெயிலிற் காய்ந்ததும் காற்று அதனை உருட்டிச் செல்லும். வழியில் இராவணன் மீசையோ அடம்பனோ தடுத்தால் மணல் அங்கே தங்கும். தங்கிய மணலின் மேலே கொடி மறுபடி படரும். அதன்மேல் மணல் மறுபடி சேரும். இவ்வாறு கொடியும் மணலும் ஒன்றையொன்று உயர்த்தி வளர்ந்ததே மணற்குன்று. கொடி அறுந்த இடத்தில் காற்று வாய் திறக்கும். பழைய தேவாலயத்தை மூடியதும் இந்த ஓயாத மணலே. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று நம்மவர் சொல்லும் பழமொழியை ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அப்பழமொழி இக்கரையை நேரிற் கண்டறிந்தவர்களின் அநுபவத்தில் விளைந்தது. மேடைப்பேச்சாளர் பலர் அக்கொடியைக் கண்டதுகூட இல்லை.

குன்றின் கீழே மறைந்திருப்பது தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழை தருவதே நமது நன்னீர் முழுவதும். மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உவர்நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் வில்லைபோல் மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கி நிற்கும் என்பது ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் கண்ட விதி. அதனை மறுபுறமாகப் படித்தால் அச்சம் தரும். மேலே 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் கீழே 40 அடிக்கு உவர் ஏறும். மணற்குன்றை அகற்றுவது மழையைத் தாங்கும் கலத்தை உடைப்பதற்கு ஒப்பாகும். வள்ளுவர் கல்விக்கு உவமை கூறிய மணற்கேணியை மனப்பாடம் செய்யாத மாணாக்கன் நம்மிடையே இல்லை. தோண்டத் தோண்ட ஊறும் அக்கேணி, கடற்கரையில் அளவு மீறித் தோண்டினால் உவரும் என்பதை அந்த மாணவியின் அம்மம்மா அறிந்திருப்பார். தண்ணீர் அள்ளிய இடத்தைப் பற்றி அவள் எழுதிய இரண்டு வரிகளில் நான் கற்பித்த முதற்பொருளைவிடக் கூடுதலான நிலவியல் இருந்தது.

மணற்குன்று அரணாகவும் நிற்கின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுசென்றது. அப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரைகளை ஆராய்ந்தவர்கள் 2005இல் வெளியிட்ட செய்தியொன்று நமது விவாதத்துக்கு மிகவும் பொருத்தமானது. தென்கிழக்கே யாலக் கரையிலிருந்த ஒரு விடுதி, கடலின் அழகு நன்கு தெரியும்பொருட்டுத் தன் முன்னிருந்த மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அவ்விடுதி முற்றாக அழிந்தது. குன்று குலையாதிருந்த அயலிடங்களில் அழிவு குறைவாக இருந்தது. கடலைக் காட்சியாக்க விரும்பியவர்கள் கடலைத் தடுத்த பொருளை அகற்றினார்கள். இயற்கையைக் காட்சியாக மட்டும் காணும் பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உரை எழுத எவராலும் இயலாது.

ஆகவே பாதுகாப்புத் தேவை. அதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. சட்டங்களும் உள்ளன. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937இல் வந்தது. அதன்கீழ்ச் சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. நாகர்கோவிற் பகுதி இயற்கை ஒதுக்கிடமாக உள்ளது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயமாக வகுத்துள்ளது. மணல் அகழ்வதாயின் 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்கீழ் அனுமதி பெறல் வேண்டும். ஏட்டில் எல்லாம் முறையாகவே இருக்கின்றன.

எனினும், கரையில் வாழ்பவன் இச்சட்டங்களை எவ்வாறு சந்திக்கின்றான்? பெரும்பாலும் தனது காணியருகே நடப்பட்ட எல்லைக்கல்லாகவே சந்திக்கின்றான். போரினால் இடம்பெயர்ந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பியவனுக்கு, பற்றைக்காடு மண்டிய தன் நிலம் வனமாகக் கணக்கிடப்பட்டிருப்பதைக் காண்பது எத்தகைய அநுபவம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இவ்விடத்தில் இரண்டு தவறான முடிவுகள் நம்மிடையே உலவுகின்றன. ஒன்று, மக்களை அகற்றினால் இயற்கை தப்பும் என்பது. மற்றது, பாதுகாப்பு என்பதே காணி பறிக்கும் சூழ்ச்சி, ஆகவே குன்று போனாற் போகட்டும் என்பது. முதலாவது, கொடி அறுந்துவிடும் என்று சிறுவரை ஏசிய பெரியவர்களே அக்குன்றின் பழைய காவலர் என்பதை மறக்கின்றது. இரண்டாவது, குன்று போனால் முதலில் உவர்நீர் குடிக்கப்போவது அம்மக்களே என்பதை மறக்கின்றது. இரண்டிலும் மணல் வேறு, மணலில் வாழ்பவர் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பிழை பொதுவாயுள்ளது. பின்னணி வேறு, மாந்தர் வேறு என்று பாடலைப் பிரித்த அதே பிழை இதுவாகும்.

மணல் லொறி ஏறும் கதையை நாம் பத்திரிகைகளில் படிக்கிறோம். வடமராட்சி கிழக்கின் சட்டவிரோத மணல் அகழ்வு பற்றி ஆண்டுக்கணக்காகச் செய்திகள் வருகின்றன. இரவில் ஓடும் டிப்பர்களையும் உழவு இயந்திரங்களையும் பற்றி நாம் சினத்தோடு பேசுகிறோம். அச்சினத்தில் நேர்மை இருக்க வேண்டுமாயின் கணக்கை முழுமையாகப் பார்க்க வேண்டும். இரவில் மண்வெட்டி பிடிப்பவன் நாட்கூலிக்காரன். வலையில் வருவாய் குன்றியதால் அவ்வேலைக்குப் போனவனும் அவர்களுள் இருக்கலாம். பிடிபடுபவனும் அவனே. வாகனத்தின் சொந்தக்காரன் வேறு. மணலை வாங்குபவன் எவன்? கோப்பாயில், திருநெல்வேலியில், நல்லூரில் வீடு கட்டுபவன். ஆறில்லாத குடாநாட்டில் 2009இற்குப் பின் எழுந்த வீடுகளுக்கும் கடைகளுக்கும் மதில்களுக்கும் மணல் எங்கிருந்து வந்தது என்று நம்மில் எத்தனை பேர் மேசனிடம் கேட்டோம்? நான் கேட்கவில்லை. எனது வீட்டுச் சுவரிலும் நெய்தல் இருக்கின்றது என்பதை இப்பொழுது எண்ணிப் பார்க்கிறேன். அதற்குள் இருந்துகொண்டுதான் நான் நெய்தற்றிணைக்குக் குறிப்பு எழுதினேன்.

நமது நவீன இலக்கியம் இதனை எவ்வளவு தூரம் பேசியிருக்கிறது? மகாகவியின் 'புதியதொரு வீடு' என்னும் பாநாடகம், கடலிலிருந்து திரும்பாதவனின் வீட்டில் நேர்வதை மீனவர் வாழ்வின் நியாயத்துக்குள் நின்று விசாரித்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் நெடுந்தீவுக் கரையின் வாடிகளை நாவலுக்குக் கொண்டுவந்தது. 1978இல் அது திரைப்படமுமாயிற்று. இவை போன்றவை இருப்பினும், தோட்டநிலத்தின் சாதிக் கொடுமையையும் காணியுறவையும் எழுதிய அளவுக்கு முற்போக்கு எழுத்தாளராகிய நாம் கரையை எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நமது எழுத்தாளரும் ஆசிரியரும் பெரும்பாலும் தோட்டநிலத்து மக்கள். கரைக்கு அவர்களும் விருந்தினராகவே சென்றனர்.

கரைக்கு எழுத்து இல்லாதிருந்த காலத்திலும் இலக்கியம் இருந்தது. கரைவலை இழுக்கும்போது பலரது கைகளையும் ஒரே தாளத்தில் இணைத்த அம்பாப் பாடல்கள் உழைப்பின் உறுப்பாகவே பிறந்தவை. வலையை உழவு இயந்திரத்தின் வலுவால் இழுக்கும் வழக்கம் வந்தபின், தாளத்தோடு இழுக்கும் கைகள் தேவையற்றுப்போயின. கைகள் போகப் பாடலும் போகின்றது. கூடவே, முன்பு வலையிழுத்துப் பங்கு பெற்றோருட் பலர் வேலையையும் இழக்கின்றனர். நாட்டார் பாடலின் அழிவைப் பண்பாட்டின் அழிவென்று கருத்தரங்கிற் புலம்புகின்ற நாம், அது பங்குமுறையின் அழிவும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

இத்தொடரின் தென்பாலுள்ள நாகர்கோவிலில், 1995 செப்டம்பர் 22ஆம் நாள், பாடசாலைமீது வான்படை குண்டு வீசியதில் இருபதுக்கு மேற்பட்ட மாணாக்கர் மாண்டனர். எனது மாணாக்கரின் கட்டுரைகளில் அதுவும் இல்லை. அவர்கள் பிறப்பதற்கு முன் நிகழ்ந்ததென்று சமாதானம் கூறலாம். சங்கப் பாடல்களும் அவர்கள் பிறப்பதற்கு முன் தோன்றியவைதாமே! அவற்றை நாம் கற்பித்தோம், இதனைக் கற்பிக்கவில்லை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று பலகையில் எழுதிய கையால், அக்கரையின் இரங்கல் எது என்று நாம் எழுதிக் காட்டவில்லை.

எனவே, மணற்காட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. போகத்தான் வேண்டும், பாடலைக் கையிற் கொண்டே போக வேண்டும். ஆனால் வாகனத்தை வீதியில் நிறுத்திவிட்டு நடந்து போவோம். நற்றிணைப் பெண்ணின் கேள்வியை நம்மை நோக்கிய கேள்வியாக ஏற்போம்: எங்கள் கரையில் உங்களுக்கு என்ன வேலை? அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவராகக் கரைவலைக்காரரோடும் கருவாடு காயவைக்கும் பெண்களோடும் பேசுவோம். எது முதற்பொருள், எது கருப்பொருள் என்பதை அவர்கள் வாயாற் கேட்டு எழுதுவோம். எல்லைக்கல் எங்கே நிற்க வேண்டும், மணல் எங்கே எவ்வளவு எடுக்கலாம், எந்தக் கொடியைத் தொடக்கூடாது என்பவற்றை அவர்களோடு இருந்து தீர்மானிக்கும் சட்டம் வேண்டுமென்று ஆசிரியராகிய நாமும் குரல் கொடுப்போம். அது இலக்கிய ஆசிரியனின் வேலையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடும்பு இல்லாத கரையில் ஐங்குறுநூற்றை அகராதியின் துணைகொண்டே கற்பிக்க வேண்டிவரும்.

அந்த அரைப் பக்கக் கட்டுரைக்கு நான் முதலில் இட்ட புள்ளி மிகக் குறைவு. நீளம் போதாது, வருணனை இல்லை என்று சிவப்பு மையாற் குறிப்பும் எழுதியிருந்தேன். மறுவாரம் அக்குறிப்பை வெட்டிவிட்டு, அக்கட்டுரையை வகுப்பில் அவளைக்கொண்டே வாசிப்பித்தேன். அதன்பின் நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாடலை மறுபடி படித்தோம். இம்முறை விளக்கம் சொல்ல எனக்கு அதிகம் வேலையிருக்கவில்லை. அடுத்த முறை மணற்காட்டுக்குச் சென்று மீண்டபின் கொடுக்கவிருக்கும் கட்டுரைத் தலைப்பையும் அன்றே பலகையில் எழுதிவைத்தேன்: 'மணற்காட்டிற்கு வந்தவர்கள்'.